ஜீப்புக்கு எதுக்குய்யா குரோம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கார் பைத்தியம் இல்லை. படித்தது பி.காம்., பிழைப்பு வங்கியில், வாசம் டில்லி கோல் மார்க்கெட்டில். வீட்டு வாசலில் நிற்பது பதினோரு வருட மாருதி. அதற்கு எஞ்சின் ஆயில் எந்தப் பக்கம் ஊற்றுவது என்று கேட்டால்கூட கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் போலி வவுச்சரைப் பார்த்தால் கை பரபரக்கும் வியாதி மட்டும் இருபது வருஷமாக உண்டு. இந்தப் பதிவு அந்த வியாதியால் வந்தது.

டில்லியில் இருப்பவர்களுக்குத் தெரியும். கல்யாண சீசன் வந்தால் மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரைக்குப் போட்டியாக ஜீப் வரும். பளபளவென்று குரோம் பம்பர், குரோம் கிரில், குரோம் கண்ணாடி. டிராக்டருக்குப் போட வேண்டிய அகலத்தில் டயர். சிவப்பு லெதர் சீட். பின்னால் ஆளுயர ஸ்பீக்கர். பானெட்டில் மட்டும் வெள்ளை நட்சத்திரம். 'என்ன வண்டிங்க இது' என்று கேட்டால் மார்பை நிமிர்த்திப் பதில் வரும்: 'நைன்டீன் ஃபார்ட்டி டூ வில்லிஸ், சாப். வேர்ல்டு வார். ஃபுல்லி ரெஸ்டோர்ட்.'

ரெஸ்டோரும் இல்லை, கிஸ்டோரும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு, புதுப் பக்கம் ஒட்டி, அதில் பழைய தேதியைப் போடுகிற வேலைதான் இது. எங்கள் ஆபீசில் இதைச் செய்தால் அதற்கு வேறு பெயர்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளின. வில்லிஸ் செய்தது எம்.பி., ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. இரண்டும் பார்க்க அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் பாகத்தைக் கழற்றி மற்றதில் மாட்டலாம். போர்முனையில் அது முக்கியம்.

அந்த வண்டியில் அழகுக்கென்று ஒன்றுமே கிடையாது. அதுதான் அதன் அழகு. பெயிண்ட் மங்கலான ஆலிவ் பச்சை. பளபளத்தால் ஆகாயத்திலிருந்து விமானக்காரன் கண்ணில் படும் என்பதால் வேண்டுமென்றே மங்கல். டிரைவர் உட்காருவது பெட்ரோல் டாங்க் மேலேயே! ஹெட்லைட்டை அப்படியே பின்பக்கமாகத் திருப்பினால் எஞ்சின் மேல் வெளிச்சம் விழும், ராத்திரியில் ரிப்பேர் பார்க்க. கண்ணாடியை மடித்து பானெட் மேல் படுக்க வைக்கலாம். முன் கிரில்லில் ஒன்பது துளை, ஒரே தகட்டில் அச்சடித்து எடுத்தது. போருக்குப் பிறகு பொதுஜனத்துக்கு வந்த ஜீப்பில்தான் ஏழு துளை. எலெக்ட்ரிக் எல்லாம் ஆறு வோல்ட். எஞ்சின் அறுபது குதிரை.

ஆரம்பத்தில் இரண்டு கம்பெனிகளும் தங்கள் பெயரைப் பின்பக்கத் தகட்டில் பெரிதாக அச்சடித்தார்கள். 1942லேயே ராணுவம் 'உன் விளம்பரத்துக்கு நான் வண்டி வாங்கவில்லை' என்று அதை நிறுத்திவிட்டது. ஃபோர்டுக்கு மனசு ஆறவில்லை போல, போல்ட் தலையில்கூட ஒரு சின்ன 'எஃப்' எழுத்தைப் போட்டுவைத்தார்கள். வண்டியின் அடியில் படுத்து முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பார்த்தால், வில்லிஸ் என்றால் உருண்டைக் குழாய், ஃபோர்டு என்றால் கவிழ்த்துப் போட்ட 'ப' மாதிரி. அங்கேதான் இருக்கிறது வண்டியின் ஜாதகம்.

இப்போது குரோமுக்கு வருகிறேன். 1942 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் சாதாரணக் கார்களுக்குக்கூட குரோம் கிடையாது. பம்பருக்கு மட்டும் விலக்கு. குரோமியமும் நிக்கலும் போர்த் தளவாடத்துக்கு வேண்டும் என்று அரசாங்கம் கையை வைத்துவிட்டது. கிரில், ஜன்னல் விளிம்பு, ஹப் கேப் எல்லாவற்றுக்கும் வெறும் பெயிண்ட். யாரிடமாவது பழைய ஸ்டாக்கில் பளபளக்கும் தகடு மிச்சம் இருந்தால் அதன் மேலேயும் பெயிண்ட் அடித்துத்தான் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு மட்டும் வியாபாரத்தில் லாபம் ஆகிவிடும் அல்லவா! அதே வருஷம் பிப்ரவரியில் சாதாரணக் கார் தயாரிப்பே நின்றுபோனது. 'பிளாக்அவுட் மாடல்' என்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இந்தக் கொஞ்ச நாள் கார்களைத்தான். ஒரு பணக்கார தேசம் தன் காரின் மினுமினுப்பைக் கழற்றிக் கொடுத்ததற்கு அந்தப் பெயிண்ட் அடித்த கிரில்தான் சாட்சி.

அந்த சாட்சியின் மேல் குரோம் பூசினால் என்ன அர்த்தம்? பஞ்ச காலத்தில் பாட்டி கட்டியிருந்த கிழிசல் புடவைப் போட்டோவில் கம்ப்யூட்டரை வைத்து காஞ்சிப் பட்டு வரைந்துவிட்டு, 'பாட்டி போட்டோவை சரி பண்ணிட்டேன்' என்று சொல்வதற்குச் சமம்.

இந்த வண்டிகள் இங்கே எப்படி வந்தன என்பதும் பெரிய கதை. சீனா, பர்மா, இந்தியா மூன்றுக்கும் சேர்த்து அமெரிக்கர்கள் நடத்திய போர்முனைக்கு டில்லியிலும் ஒரு தலைமையகம் இருந்தது. 1943-44ல் கன்னாட் பிளேஸைச் சுற்றி அமெரிக்கச் சிப்பாய்களும் ஜீப்பும் நடமாடிய காலம். போர் முடிந்ததும் இதையெல்லாம் கப்பலேற்றித் திருப்பிக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. 1946ல் அமெரிக்காவும் அன்றைய இந்திய அரசும் ஒப்பந்தம் போட்டு, மிச்சமிருந்த தளவாடங்கள் இங்கேயே கைமாறின. அதற்கென்றே ஒரு 'டிஸ்போசல்ஸ்' இலாகா. நம் ஊர்ப் பெரியவர்கள் 'டிஸ்போசல் ஜீப்', 'டிஸ்போசல் லாரி' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்களே, அது இதுதான். மலைத் தோட்டங்களில் மாட்டு வண்டிகூட ஏறாத பாதையில் இது ஏறியது. அந்த வண்டியின் அருமை தெரிந்துதான் 1947லேயே மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நம் தாசில்தார், இன்ஸ்பெக்டர், தேர்தல் வேட்பாளர் எல்லோரும் போனது அந்த வம்சத்தில்.

இந்த வம்சாவளிதான் இப்போது வில்லங்கம். பாட்டன் முகமும் பேரன் முகமும் ஒரே ஜாடை. பேரனுக்குப் பாட்டன் வேஷம் போட்டு விற்பது சுலபம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், மத்திய அரசில் இருந்து ரிடையர் ஆனவர், இந்தப் பக்கத்துக் குவார்ட்டர்ஸிலேயே முப்பது வருஷம் காலம் தள்ளியவர். பிறந்தது வால்பாறைப் பக்கம். அவருடைய அப்பா எஸ்டேட்டில் ஒரு டிஸ்போசல் ஜீப் ஓட்டினவர். அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தது, பெட்ரோல் வாசனை, லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் என்பதால் அப்பா பள்ளத்தாக்குப் பக்கம் எட்டிப் பார்த்து ஓட்டினது, எல்லாம் மனசில் அப்படியே இருக்கிறது அவருக்கு. ரிடையர்மென்ட் பணத்தில் ஏழரை லட்சம் எடுத்து, டில்லியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 'ரெஸ்டோர்' செய்த 1944 ஃபோர்டு ஜீப் வாங்கினார். வாங்கின பிறகுதான் என்னிடம் சொன்னார்.

'தம்பி, அதே ஜீப்பு. பிளேட்டெல்லாம் இருக்கு. பேப்பரும் இருக்கு. வந்து பாருங்க.'

போய்ப் பார்த்தேன். டேஷ்போர்டில் மூன்று பித்தளைப் பிளேட், வருஷமும் நம்பரும் பொறித்து, நேற்றுக் கடையில் வாங்கின குத்துவிளக்கு மாதிரி மின்னின. கிரில்லில் ஒன்பது துளை சரியாக இருந்தது. குரோமும் இருந்தது! எனக்கு மெக்கானிசம் தெரியாது என்றாலும் பேப்பர் படிக்கத் தெரியும். ஆர்.சி.யில் இருந்த சேஸிஸ் நம்பர் ஒரு வரிசை, பிளேட்டில் இருந்தது வேறு வரிசை. கஷ்மீரி கேட்டில் நாற்பது வருஷமாக ஜீப் வேலையே பார்க்கிற ஒரு சர்தார்ஜியைக் கூட்டிவந்தேன். மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் அடியில் படுத்தார், டார்ச் அடித்தார், எழுந்து கையைத் துடைத்துக் கொண்டார். ஃபோர்டுக்கு இருக்க வேண்டிய 'ப' சட்டம் இல்லை. ஒரு போல்ட்டிலும் 'எஃப்' இல்லை. சேஸிஸ் இந்தியாவில் பல வருஷம் கழித்துச் செய்த ஜீப்பினுடையது. அதில் புது பாடி, புது கிரில், புதுப் பிளேட்.

'காடி அச்சி ஹை, சாப். லேகின் யே வோ நஹி ஹை' என்றார். வண்டி நல்ல வண்டிதான், ஆனால் அது இது இல்லை.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே தடவிக் கொண்டிருந்தார். 'அப்பா வண்டியில இந்த மாதிரி மினுக்கெல்லாம் இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தோணிச்சு தம்பி' என்றார் கடைசியில். ஏழரை லட்சம் போனதைவிட அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கண் சொன்னதை நம்பாமல் பிளேட் சொன்னதை நம்பியிருக்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஒர்க்‌ஷாப்காரர் 'சார், இது இந்திய ஜீப். அமெரிக்க ஜீப் மாதிரி செய்து கொடுத்திருக்கிறேன், இன்ன இன்ன பாகம் புதுசு' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? மூன்று லட்சம் குறைந்திருக்கும். அந்த மூன்று லட்சத்தின் பெயர்தான் 'ரெஸ்டோர்'.

இதை எழுதுகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

'அவன் காசு, அவன் ஜீப், குரோம் பூசினால் உனக்கென்ன?' எனக்கு ஒன்றுமில்லை. தாராளமாகப் பூசட்டும். ஹரியானாவில் மண்டி டப்வாலி என்று ஒரு ஊர், ஜீப்பை இஷ்டப்படி மாற்றிக் கட்டுவதற்கே பேர்போனது. அந்தக் கைவேலையை நான் குறை சொல்லவே மாட்டேன். (ரோட்டில் ஓட்டலாமா என்பது வேறு விஷயம். கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று.) மாற்றிக் கட்டின வண்டியை 'மாற்றிக் கட்டினது' என்று சொல். 'மீட்டது' என்று சொல்லாதே. அவ்வளவுதான்.

'ஒரிஜினல் பார்ட்ஸ் எங்கே கிடைக்கிறது?' இது சோம்பேறி சால்ஜாப்பு. உலகத்திலேயே பாகம் சுலபமாகக் கிடைக்கிற பழைய வண்டிகளில் ஒன்று இந்தப் போர்க்கால ஜீப். பிலிப்பைன்ஸில் முழு பாடியே புதிதாக அடித்து உலகம் பூரா விற்கிறார்கள். பழைய பாகம் கிடைக்காத இடத்தில் புதுசு போடுவதில் பாவமே இல்லை. புதுசு போட்டேன் என்று குறித்து வைக்காததுதான் பாவம். உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா, டுரின் சாசனம் என்று ஒன்று வைத்திருக்கிறது. பழைய கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தைப் பார்த்து எழுதியது. அதன் சாரம் எங்கள் ஆடிட் மேனுவல் மாதிரியேதான்: முடிந்தவரை பழசைக் காப்பாற்று, மாற்றினால் அடையாளம் போடு, என்ன செய்தாய் என்று எழுதி வை.

'அப்படியென்றால் ஃபேக்டரியிலிருந்து வந்தது மட்டும்தான் ஒரிஜினலா? நடுவில் நடந்தது சரித்திரம் இல்லையா?' இது நல்ல கேள்வி. இதற்குப் பதில் எங்கள் ஏரியாவிலேயே ஓடிக் கொண்டிருந்தது.

டில்லியில் பழைய ஆட்களைக் கேளுங்கள், ஃபட்ஃபட்டியா பற்றிச் சொல்வார்கள். அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களை வாங்கி, பின்பாதியை வெட்டி, மூன்று சக்கரமாக்கி, மேலே கூரை போட்டு, ஆறு பேர், எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கன்னாட் பிளேஸிலிருந்து கரோல் பாக் பக்கமெல்லாம் ஓட்டினார்கள். ஓட்டியவர்களில் பலர் பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்த சீக்கியர்கள். கரோல் பாக்கில் குடியிருந்த நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் அதில் ஆபீஸ் போயிருப்பார்கள்! அந்த வண்டியில் ஃபேக்டரி ஒரிஜினல் பாதிகூடக் கிடையாது. பிற்காலத்தில் எஞ்சினையே மாற்றி டீசல் போட்டுவிட்டார்கள். ஆனால் அது பொய் சொல்லவில்லை. வெட்டிய இடம் வெட்டிய மாதிரியே தெரிந்தது. இன்றைக்கு ஒருவன் ஃபட்ஃபட்டியா ஒன்றைப் பிடித்து, கூரையைப் பிய்த்து எறிந்து, இரண்டு சக்கர ராணுவ ஹார்லியாக 'ரெஸ்டோர்' செய்தால் அவனையும் நான் திட்டத்தான் செய்வேன். அந்த வண்டியின் சரித்திரம் அந்தக் கூரையில்தான் இருக்கிறது.

1998ல் புகை காரணமாக அவை ஒழிக்கப்பட்டன. காற்றுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நகரத்தையே சுமந்த வண்டிகளில் எத்தனையைப் பத்திரப்படுத்தினோம்? பெரும்பாலானவை காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்.

கட்டடத்துக்கும் இதே கதைதான். கோல் மார்க்கெட்டின் பன்னிரண்டு பக்கக் கட்டடம் 1921ல் வந்தது. கடைகளைக் காலி செய்து, பெண்களின் சாதனைகளுக்கான அருங்காட்சியகம் ஆக்குவது என்று என்.டி.எம்.சி. திட்டம் போட்டது. உபயோகம் மாறுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கறிக்கடை இருந்த இடம் அருங்காட்சியகம் ஆவது நல்லதுதான். ஆனால் எந்தச் செங்கல் பழசு, எது புதுசு என்று நாளைக்கு ஒரு மாணவி கேட்டால் காட்டுவதற்கு ஒரு பதிவேடு இருக்க வேண்டும். ஜீப்புக்கும் அதே நியாயம்.

'காற்று இவ்வளவு நாறுகிறது, உனக்குப் பழைய வண்டி கேட்கிறதா?' இதையும் ஒதுக்கிவிட முடியாது. நவம்பரில் என் பையன் இருமுவதை நானும் கேட்டுக் கொண்டுதான் இருக்கிறேன். பத்து வருஷ டீசலும் பதினைந்து வருஷ பெட்ரோலும் டில்லியில் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை ஒன்றாம் தேதி அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பெட்ரோலே போடக்கூடாது என்று ஆரம்பித்து, கூச்சல் கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தினார்கள். பழைய ஜீப்பில் தினமும் ஆபீஸ் போக வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அதற்குத் தனி வழி ஏற்கனவே இருக்கிறது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஊர்வலம், கண்காட்சி, ஆராய்ச்சி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது, இதற்கு மட்டும் ரோட்டில் இறக்கலாம். தினசரி ஓட்டமும் வியாபார ஓட்டமும் கிடையாது. நியாயமான விதி. கல்யாண ஊர்வல வாடகை ஜீப் எல்லாம் இதன் கீழ் வரவே முடியாது என்பதைக் கவனிக்க!

ஆனால் இரண்டு ஓட்டை. ஒன்று, இது இரண்டு சக்கரத்துக்கும் நாலு சக்கரத்துக்கும் மட்டும். மூன்று சக்கர ஃபட்ஃபட்டியா எங்காவது ஒரு கொட்டகையில் பிழைத்துக் கிடந்தால் அதற்கு இதில் இடமில்லை. இரண்டு, மூல வடிவம் என்று விதி சொல்கிறது சரி, அதைக் காட்ட வண்டிக்காரரிடம் ஒரு பாகக் கணக்கு வாங்கினால்தானே அர்த்தம்? எது பழசு, எது மாற்றியது, எந்த வருஷம், எங்கே வாங்கியது என்று ஒரு பட்டியல், போட்டோவுடன். சேவிங்ஸ் அக்கவுண்ட் திறக்க வருகிற ஆயாவிடம் ஆதார், பான், இரண்டு போட்டோ கேட்கிறோம். எண்பது வருஷ ஜீப்புக்கு ஒரு கே.ஒய்.சி. கேட்கக் கூடாதா?

கணக்குப் படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம். 10,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி அந்தக் கணக்கில் எண்பது வருஷம் கழித்து எவ்வளவு தேறும் தெரியுமா? இரண்டு பைசா. (போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அந்த இரண்டு பைசாவுக்கு மேல் ஒருவர் லட்சக்கணக்கில் கொடுக்கிறார் என்றால், அது இரும்புக்கான விலை இல்லை. 'அன்றைக்கு இருந்தது இதுதான்' என்ற ஒரு வாக்குறுதிக்கான விலை. குரோம் பூசி, பிளேட் மாற்றி அந்த வாக்குறுதியை உடைத்துவிட்டால் பாக்கி இருப்பது இரண்டு பைசா இரும்புதான்.

கடைசியாக, வெளியூரில் உட்கார்ந்திருக்கிற நம் ஜனங்களுக்கு.

ஊரில் உங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையிலோ எஸ்டேட் ஷெட்டிலோ இப்படி ஒன்று துருப்பிடித்துக் கிடக்கலாம். லீவில் போகும்போது பாருங்கள். உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். சாக்கு மூட்டைகளை நகர்த்தி, முதலில் போட்டோ எடுங்கள். அடியில் டார்ச் அடித்து அந்தக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். பழைய ஆர்.சி. புத்தகம், டிஸ்போசல் ரசீது, இன்ஷூரன்ஸ் காகிதம் எதுவானாலும் கரையான் தின்னாத இடத்தில் எடுத்து வையுங்கள். 'பாவம், எடைக்குப் போட்டுடலாம்' என்று சித்தப்பா சொன்னால் ஒரு மாசம் தவணை கேளுங்கள். வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பு சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள், பாகப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு நிஜமான பழைய வண்டி காட்ட வேண்டுமானால் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜிடீ கார் மியூசியம் 2015 முதல் இருக்கிறது. டில்லிக்காரர்களுக்கு ஹரியானாவில் தாவ்டு பக்கம் ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியம், 2013ல் திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பெரியவர் அந்த ஜீப்பை விற்கவில்லை. விற்றால் இன்னொருவர் தலையில் அதே பொய்யைக் கட்ட வேண்டும் என்றார். குரோம் எல்லாம் கழற்றியாகிவிட்டது. பித்தளைப் பிளேட்டுகளையும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் பெயிண்டால் எழுதி ஒரு சின்னத் தகடு: 'இந்திய ஜீப். பாடி புதுசு.' எனக்குத் தெரிந்து இந்த ஊரில் நேர்மையாக ரெஸ்டோர் செய்த ஒரே ஜீப் அதுதான்.